மார்பில் தைத்த கை

முடிசூட்டு விழா நடக்கும்போதெல்லாம் அங்கி வீட்டின் மூத்த பிள்ளைக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விடும். ரத்தம் வராது, வலியும் இருக்காது. ஊதி அணைத்த விளக்கைப் போல, இருந்த கை மறுகணம் இருக்காது. சட்டைக் கையின் நுனி காலியாகத் தொங்கும். அதே நேரத்தில் அரசரின் தோளில் போர்த்தப்பட்ட சிவப்பு அங்கியின் மார்பில் அந்தக் கை வந்து உட்கார்ந்திருக்கும், நகமும் ரேகையும் பழைய தழும்பும் மாறாமல், இளஞ்சூட்டோடு. உடனே அங்கி வீட்டின் தலைவர் பொன்னிழை கோத்த ஊசியுடன் முன்னே சென்று, விரலுக்கு ஒன்றாகக் கட்டுத் தையல் போடுவார். அதன் பிறகுதான் கட்டியக்காரர் ‘அரசர்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லலாம். அதுவரை அங்கிக்குள் நிற்பவர் வெறும் ஆள்தான். அரசர் இறந்ததும் கையின் சூடு தணிந்து அது துணியாகிவிடும். உரியவரிடம் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. ஒரு தலைமுறையில் மூத்த பிள்ளை ஒருவர் கப்பலேறித் தப்பிக்கப் பார்த்தார். கை நடுக்கடலிலிருந்து வந்து சேர்ந்தது, விரலிடுக்கில் உப்பு பூத்திருந்தது. மற்ற குடும்பங்கள் அரசுக்கு வரி கொடுத்தன, அங்கி வீடு கை கொடுத்தது. அந்த வீட்டார் இதை இப்படித்தான் சொல்வார்கள், இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டார்கள். இரக்கப்பட்டு உச்சுக்கொட்டியவர்களை அந்த வீட்டில் இரண்டாம் முறை உட்காரச் சொன்னதில்லை.

அங்கிக்காரர் என்று ஊர் அழைத்த மனிதர் அப்போது அந்த வீட்டின் தலைவர். மீசை அரும்பிய வயதில் கையைக் கொடுத்தவர். இடது சட்டைக் கையை நுனியில் மடித்துத் தைத்துக்கொள்வார்; அந்தத் தையல் ஒரு நாளும் கோணியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாயாது. அவர் தெருவில் வந்தால் முடிதிருத்தகத்தில் பாதி சவரத்தில் இருப்பவர்கூட நுரையோடு எழுந்து நிற்பார். வடக்குப் பார்த்த ஜன்னல்கள் கொண்ட நீண்ட அறைதான் பட்டறை. நடுவில் ஒரு மேசை, மூலையில் அங்கியைப் போட்டுவைக்க ஆளுயர மரப் பொம்மை, எங்கும் அந்துருண்டை வாசனை. மேசையில் திருகி வைத்த மெத்தைக் கட்டையில் ஊசியை நட்டு, இழையைப் பல்லில் கடித்து, ஒற்றைக் கையால் கோப்பார். துணியின் ஓரத்தை முழங்காலால் அழுத்திக்கொள்வார். இரண்டு கை உள்ளவர்களின் தையலை அவர் கண்ணாடி போடாமலே குறை சொல்வார்.

அரசு அணிகளின் உண்மையான பிறப்பெல்லாம் அந்த வீட்டுக்குத் தெரியும். கட்டியக்காரர் அவருடைய மைத்துனர், இறந்துபோன மனைவியின் தம்பி. அரண்மனையில் சின்னங்களின் பொருளை உரக்கச் சொல்வது அவர் வேலை, அந்தப் பொருளைக் கேட்டுச் சாப்பாட்டு மேசையில் சிரிப்பது அங்கி வீட்டின் பழக்கம். அங்கியின் ஓரத்து வெள்ளை ரோமம் தூய்மையைக் குறிக்கும் என்பார் கட்டியக்காரர். கணப்பருகே தூங்கிப்போன ஓர் அரசர் கரித்துக்கொண்ட ஓரத்தை மறைக்க வைத்த ஒட்டு அது. தரையில் புரளும் நீண்ட வால் நாட்டின் பரப்பு என்பார். ஒரு கால் குட்டையாயிருந்த அரசர் கட்டைச் செருப்பை மறைக்கக் கேட்டு வாங்கிய துணி அது. உயர்ந்த கழுத்துப்பட்டி ஒரு கழலையை மூட வந்தது. கையுறை ஒரு சொறியை மூட வந்தது. நீதியின் கோல் முதலில் நாய் விரட்டிய கம்பு. முடியின் முனைகள் மாகாணங்களைக் குறிக்கும் என்பது பாட்டு. ஒரு முனை உடைந்த ஆண்டில் அன்றைய கட்டியக்காரர் ஒரு மாகாணத்தையே பாட்டிலிருந்து எடுத்துவிட்டார், அந்த மாகாணத்துக்காரர்கள் வரி கட்டவில்லை, யாரும் போய்க் கேட்கவும் இல்லை. “பொய்யை ராகத்தோட சொன்னா பொருள், ராகம் இல்லாம சொன்னா பொய். அவ்வளவுதான் அத்தான் என் உத்தியோகம்” என்பார் மைத்துனர். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் மார்பில் இருக்கும் கையைப் பற்றிப் பேச்சு வந்தால் தட்டுகளின் ஓசை நின்றுவிடும். அது அரசைத் தாங்கும் கை. போர்க்களத்தில் காயப்பட்ட முதல் அரசரின் தோளிலிருந்து அங்கி நழுவியபோது, அதைத் தன் இடது கையால் தாங்கிப் பிடித்தபடியே உயிரை விட்டவர் இந்த வீட்டின் மூத்தவர். அடுத்தவர் சின்னத்தின் அடியில் இருந்த அழுக்கெல்லாம் தெரிந்த வீட்டுக்குத் தன் முதுகு மட்டும் தெரியவில்லை.

அங்கிக்காரருக்கு இளமையில் ஒரு சந்தேகம் வந்ததுண்டு. கை போன பிறகும் சில ஆண்டுகள், அரசர் அங்கி அணியும் நாட்களில், இல்லாத விரல்கள் எதையோ பற்றி இழுப்பதை அவர் உணர்ந்தார். இழுத்து இழுத்து முழங்கைவரை கடுக்கும். ஒருநாள் தன் தந்தையிடம் சொன்னார்.

“அப்பா, அது இழுக்குதுப்பா.”

“தாங்கினா அப்படித்தான் இருக்கும். கைக்கு வித்தியாசம் தெரியாது” என்றார் தந்தை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பேச்சு அத்தோடு முடிந்தது.

அங்கிக்காரருக்கு ஒரே மகள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்து, தாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மகள் வளர்ந்து மருத்துவச்சியானதற்கு வேறு காரணம் யாரும் தேடவில்லை. அவள் இடக்கைக்காரி. குறுக்கே கிடக்கும் பிள்ளையை, கால் முந்தி வரும் பிள்ளையை, உள்ளே இடது கையைச் செலுத்தித் திருப்பிவிடுவாள். வலது கை அவளுக்குப் பை தூக்கவும் கதவு தட்டவும் மட்டும்தான். அந்தக் கை உள்ளே போனதும் பிள்ளைகள் தாமாகவே புரண்டு கொடுக்கும் என்றும், இறந்துபோன பிள்ளைகள்கூட ஒருமுறை விரலைப் பற்றிவிட்டுத்தான் விடும் என்றும் பெண்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மை. ஊரில் ஓடி விளையாடிய பிள்ளைகளில் பாதிப் பேரின் தோளில் அவள் கட்டைவிரல் பட்ட இடம் மச்சமாக இருந்தது. தந்தையும் மகளும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்தக் கை ஒருநாள் போகும் என்பது இருவருக்கும் தெரியும். பழைய அரசர் நீண்ட ஆயுள் உள்ளவராக இருந்ததால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

பழைய அரசர் ஒரு மழைக்காலத்தில் இறந்தார். அவர் மகன் பட்டத்துக்கு வந்தான். ஆலைத் தெருவில் வேலை கேட்டுக் கூடி நின்றவர்கள் மேல் குதிரைகளை விட்டவன் அவன். அன்று மிதிபட்டவர்களில் நிறைமாதக்காரிகளும் இருந்தார்கள். மகள் அவர்களைத் தன் அறையில் வரிசையாகப் பாயில் கிடத்தி வைத்திருந்ததை அங்கிக்காரர் வாசலில் நின்று பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அரசர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பது அங்கி வீட்டின் வேலை அல்ல.

அரசர் மாறும்போது அங்கிக்குப் புது உள்துணி வைக்க வேண்டும். வீட்டின் தலைவர் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்நாளில் ஒரே முறை செய்யும் வேலை அது. துணியாகிக் கிடந்த தன் சொந்தக் கையை மார்பிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்த பிறகு, அங்கிக்காரர் பழைய உள்துணியைப் பிரித்தார். தந்தை போட்ட தையல் அது. எல்லாத் தையலும் இரட்டையாக இருந்தது, எதையோ வெளியே விடக் கூடாது என்பதுபோல. அதன் அடியில் இன்னொரு உள்துணி, அதுவும் இரட்டைத் தையல். அதன் அடியில் இன்னொன்று. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனார். கடைசியாக, பழுப்பேறிய வெறும் துணியில் கறுப்பு இழையால் போட்ட சிறு படம் ஒன்று வந்தது. அவசரத்தில், கோபத்தில் போட்ட தையல். பெண்ணின் தையல் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவன் அங்கி அணிந்து உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் அவன் மார்புத் துணியைப் பிடித்து இழுக்கிறான். அடுத்த படத்தில் கத்தி. அடுத்ததில் இழுத்தவன் தரையில் கிடக்கிறான், அறுபட்ட கை மட்டும் துணியை விடவில்லை. கடைசிப் படத்தில், விடாத அந்தக் கையின் மேல் ஒருவன் மண்டியிட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறான். தரையில் கிடப்பவனின் முகம்தான் அவனுக்கும், மீசை மட்டும் இல்லை.

மகன் அது. அப்பனின் கையைத் தைத்துக் கொடுத்து உயிர் பிழைத்த மகன். இந்த வீடு அவனிலிருந்துதான் தொடங்குகிறது.

மதியம் சாப்பாட்டுக்கு வராததால் மகள் வந்து கதவைத் தள்ளினாள். அவர் மறைக்க முயலவில்லை. மறைக்க ஒரு கை போதாது. அவள் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பெட்டியில் கிடந்த துணிக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது தாங்குற கை இல்லப்பா. விரல் மடிஞ்சிருக்கிறதப் பாருங்க. இழுக்குற கை.”

“உன் வேலையப் பாரு.”

“என் வேலையே இதுதான். பிடிச்சுத் தாங்குற கைக்கும் பிடிச்சு இழுக்குற கைக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தன பேர் வயித்துல கை விட்டேன்?” கையைப் பெட்டியில் வைத்தாள். “அப்பனும் புள்ளையுமா எல்லாரும் பாத்திருக்கீங்க. பாத்துட்டு மேல ஒரு துணியப் போட்டுத் தச்சிருக்கீங்க.”

“நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

“அப்ப நீங்க தைக்காதீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அஞ்சு தையல். போடாதீங்க, அவ்வளவுதான். என் கை போகட்டும், போய் இழுக்கட்டும். அந்த ஆள் தோள்லேர்ந்து அது கீழ விழுந்தா, அந்த ஆள் அரசன் இல்ல. வேலை முடிஞ்சா கை வீட்டுக்கு வந்துடும்.”

“வரும்னு யார் சொன்னது?”

“யாரும் விட்டுப் பாத்ததில்லையே.” அவள் கதவருகே போய்த் திரும்பினாள். “வரலன்னாலும் பரவால்லப்பா. வந்த வேலைய அது முடிக்கட்டும்.”

அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு “சரி” என்றார். அங்கி வீட்டில் வாக்குக் கொடுத்து மாறியவர் கிடையாது. அதனால் மகள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கொண்டுவந்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் புது உள்துணியை வைத்துத் தைத்தார். ஒற்றைத் தையலாகவே போட்டார்.

முடிசூட்டு நாளில் மண்டபம் நிறைந்து படிக்கட்டுவரை கூட்டம் நின்றது. மகள் குடும்பத்துக்குரிய இடத்தில், முதல் தூணருகே நின்றாள். வழக்கப்படி இடது சட்டைக் கையை முன்கூட்டியே மடித்துத் தைத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள். அங்கியைப் போர்த்தியதும் அவள் சட்டைக் கை தொங்கியது. அரசனாக வேண்டியவனின் மார்பில் குறுகிய நகங்கள் கொண்ட, சோப்பில் வெளுத்த ஒரு கை வந்து அமர்ந்தது. அமர்ந்ததும் அது துணியைக் கொத்தாகப் பற்றியது. அதுவரை எந்தக் கையும் அப்படிச் செய்வதை ஊர் பார்த்ததில்லை, ஏனென்றால் எந்தக் கைக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. அங்கிக்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அங்கி இடது தோளிலிருந்து மெல்ல நழுவத் தொடங்கியது. வெள்ளை ரோமம் கழுத்தைவிட்டு இறங்கியது, உள்ளே ஒரு சாதாரணச் சட்டையும் வேர்வையும் தெரிந்தன. குதிரைகளை விட்டவன் குழந்தையைப் போலச் சுற்றும் முற்றும் பார்த்தான். கட்டியக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. காவலர்கள்கூட நகரவில்லை. தூணருகே மகள் மூச்சை அடக்கி, பிள்ளையின் தலை வெளியே தெரியும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் தோள் தாண்டிவிடும்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அந்த அமைதியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“பாவம், பெருசுக்குக் கை நடுங்குதுபோல. தையல் மறந்துபோச்சு.”

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, இரக்கச் சிரிப்பு.

அங்கிக்காரரின் முதுகு நிமிர்ந்தது. அவர் இரண்டு அடி முன்னே வைத்து, நழுவிய அங்கியைத் தோளில் ஏற்றி, துணியைத் தன் நெற்றியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரலிலிருந்து தொடங்கினார். மகளின் விரல்கள் அவர் விரலைத் தெரிந்துகொண்டு ஒருகணம் தளர்ந்தன. அந்தத் தளர்வில் ஊசி சுலபமாக இறங்கியது. அந்த வீட்டின் வரலாற்றிலேயே அவ்வளவு நேர்த்தியான கட்டுத் தையல் விழுந்ததில்லை என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். கட்டியக்காரர் ‘அரசர்’ என்றார். மண்டபம் எழுந்து நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கெட்டியா போட்டீங்களா?”

“கெட்டியாத்தான் போட்டேன்.”

அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பட்டறையில் உட்கார்ந்து, வலது கையால் தன் சட்டைக் கை நுனியைத் தைத்துக்கொண்டாள். பழக்கமில்லாத கை. தையல் கோணலாக இருந்தது. பிரித்துச் சரியாகப் போட்டுத்தர அவர் எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இந்த அரசர் அங்கியைக் கழற்றுவதே இல்லை. சாப்பிடும்போதும் அதோடுதான், தூங்கும்போதும் அதோடுதான். அன்று தோளில் பட்ட காற்றை அவர் மறக்கவில்லை. ஒருநாள் அவர் தூதர்களோடு பேசிக்கொண்டிருக்கையில் மார்பில் கை அசைந்தது. விரல்களைக் குவித்து, போர்வைக்குள் எதையோ தேடுவதுபோல நுழைந்து, மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. இரண்டு கட்டுகள் அறுந்தன, அங்கி சரிந்தது. அங்கிக்காரருக்கு ஆள் போய் அவர் வந்து சேர்வதற்குள் கை தன் வேலையை முடித்துவிட்டு ஈரமாக, களைத்துக் கிடந்தது. அவர் கட்டினார். கை அசைந்த அதே நேரத்தில் ரொட்டிக்கடைத் தெருவில், குறுக்கே கிடந்த ஒரு பிள்ளை யாரும் தொடாமலே புரண்டு, தலை முந்திப் பிறந்தது. அதன் தோளில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு மச்சம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்தது. அரசருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அரண்மனை வண்டி ஒன்று அங்கி வீட்டின் தெருமுனையிலேயே நிற்கத் தொடங்கியது, கை அசைந்தால் அது அசைந்து முடிப்பதற்குள் அங்கிக்காரரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. அவர் போவார். பழைய கட்டுக்கு வெளியே புதிய கட்டுகள் போடுவார், விரலிலிருந்து வெளிப்புறமாக, நீளமாக. போக மாட்டேன் என்று சொல்வதற்கு அவர் முடிசூட்டு நாளன்றே சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் சொன்னால் ஏன் அன்று தைத்தாய் என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு அங்கி வீட்டில் பதில் இல்லை.

பெண்கள் இப்போதும் மகளைத்தான் கூப்பிடுகிறார்கள். வேறு யாரும் இல்லை. வலது கைக்கு அந்த வழி பிடிபடவில்லை; சுலபமான பேறுகளை அவள் பார்த்துக்கொள்கிறாள், கடினமானவற்றில் தாயை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறாள். தெருவில் அங்கிக்காரர் வந்தால் முடிதிருத்தகத்தில் இன்னும் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை.

விருந்து நாள் ஒன்றில் கட்டியக்காரர் அங்கி வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் சிரிப்புப் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

“அத்தான், மார்புல புதுசு புதுசா இழை ஓடுது. என்ன அர்த்தம்னு ஜனங்க கேக்குறாங்க. ஏதாவது சொல்லணும்.”

“அது உன் உத்தியோகம்.”

“கதிர்னு சொல்லிடவா? கையிலேர்ந்து ஒளி வருதுன்னு. பாக்கவும் அப்படித்தான் இருக்கு.”

அங்கிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவள் ஒற்றைக் கையால் பழத்தைத் தட்டோடு அழுத்தி உரித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிடுங்க மாமா. ராகத்தோட சொல்லுங்க” என்றாள் அவள்.

அந்த வாரமே கொடிகளில் இருந்த கையைச் சுற்றிக் கதிர்கள் வந்தன.

அண்மையில் வண்டி வந்தது ஒரு பிற்பகலில். அங்கிக்காரர் அரண்மனைக்குப் போய் வேலையை முடித்துத் திரும்பியபோது, மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தோல் பதனிடும் தெருவிலிருந்து ஓடிவந்த கணவன் ஒருவன் சுவரோரம் மூச்சுவாங்கி நின்றான். அங்கிக்காரர் அவனைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். மகள் வழிவிடவில்லை.

“கை எந்தப் பக்கம் திருப்புச்சு?”

“இடப்பக்கம். கீழேர்ந்து மேல.”

“முடிச்சுதா?”

அவர் மடித்துத் தைத்த சட்டைக் கையை நீவினார். முதுகு நேராகத்தான் இருந்தது.

“பாதி திருப்பியிருந்துச்சு” என்றார்.

“கட்டிட்டீங்க.”

“கட்டிட்டேன்.”

கணவனுக்கு இந்தப் பேச்சு புரியவில்லை, அல்லது புரிந்தும் புரியாதவனாக நின்றான். மகள் தோளிலிருந்த பையை இறக்கிப் பிரித்தாள். குழந்தையைச் சுற்றுவதற்கென்று வைத்திருந்த மெல்லிய துணியை எடுத்து, முழங்காலில் வைத்து ஒற்றைக் கையால் நாலாக மடித்து, அலமாரியில் அது இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, “வாங்க, உங்க வீட்டம்மாவப் பாப்போம்” என்று அவனோடு இறங்கி நடந்தாள்.

அங்கிக்காரர் பட்டறைக்குள் போய், ஊசியைத் துடைத்து மெத்தைக் கட்டையில் நட்டு, அடுத்த முறைக்கு இழை கோத்து வைத்தார். இப்போது நாணயத்திலும் நீதிமன்றக் கதவிலும் பள்ளிப் பிள்ளைகளின் பலகையிலும் கையைச் சுற்றிக் கதிர்கள் இருக்கின்றன. சூரியனைப் போல அரசர் எல்லோருக்கும் ஒளி தருகிறார் என்பது பொருள். எத்தனை கதிர் போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், அதற்கு விதி கிடையாது, வருஷத்துக்கு வருஷம் கூடும் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.